வேறு காரின் ஸ்டீரியோ நம் காரில் பாடுமா?

சென்னையில் பழைய கார் பாகங்களுக்குப் பேர்போன இடம் புதுப்பேட்டை. பிரித்தெடுத்த கார்களின் கதவு முதல் கடிகாரம் வரை அங்கே கிடைக்கும். மணவூரிலிருந்து ரயிலேறிச் சென்ற ஒருவர், அங்கே ஒரு கார் ஸ்டீரியோவை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வேறொரு கம்பெனியின் காரில், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அவரிடம் இருப்பதோ பழைய மாருதி 800. (1983-இல் வெளிவந்த அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது.)

ஸ்டீரியோ பெட்டியின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இது உலகப் பொது அளவு. ஆகவே பெட்டி இடத்தில் அழகாக உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் பின்புறப் பிளக் பொருந்தவில்லை. கம்பிகளை வெட்டி, ஒரே நிறமுள்ளவற்றைச் சேர்த்து முறுக்கிவிட்டால் போதுமா?

போதாது. கம்பியின் நிறம் அதை உருவாக்கிய கம்பெனியின் விருப்பம். ஒரு காரின் சிவப்பு மற்றொரு காரில் வேறு வேலை செய்யலாம். நிறத்தை நம்பாமல் மின்சாரத்தையே கேட்டுப் பார்க்க வேண்டும். எப்படி என்று காண்போம்.

இரண்டு நேர்மின் கம்பிகள் ஏன்?

ஸ்டீரியோவுக்கு 12 வோல்ட் கம்பிகள் இரண்டு வருகின்றன. ஒன்றில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கும். நிலையங்களின் அலைவரிசை, கடிகார நேரம் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்க இது தேவை. மற்றொன்றில் சாவியைத் திருப்பினால்தான் மின்னழுத்தம் வரும். ஸ்டீரியோவை விழிக்கச் செய்வது இதுவே.

இவை இடம் மாறினால் என்ன ஆகும்? சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். சாவியை எடுக்கும்போதே அணைந்து பழகியதால், அணைக்கும் வழக்கம் நமக்கு இருக்காது. இரண்டையும் நிலையான கம்பியிலேயே இணைத்துவிட்டால் தொல்லை இன்னும் பெரிது. சாவி கையில் இருந்தாலும் ஸ்டீரியோ விழித்தே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி என்க. நினைவுக்கு மட்டும் 0.005 ஆம்பியர் செலவானால், பாட்டரி 7,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 290 நாட்கள் தாங்கும். ஸ்டீரியோ விழித்திருந்து 0.5 ஆம்பியர் இழுத்தால் 70 மணி நேரம்தான்; மூன்று நாட்கூட முழுதாக இல்லை. என்ஜினைச் சுழற்ற மிகுந்த மின்னோட்டம் தேவை என்பதால், அதற்கு முன்பே கார் கிளம்ப மறுக்கும். நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கு விரைய வேண்டிய நேரமாக அது இருந்தால்?

பியூஸ் யாரைக் காக்கிறது?

ஸ்டீரியோவைக் காப்பது பியூஸ் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது முதலில் காப்பது கம்பியை. நிலையான கம்பியின் உறை தேய்ந்து கார் உடலைத் தொடுகிறது என்க. சுற்றின் மொத்த மின்தடை 0.05 ஓம் என்றால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 0.05 = 240 ஆம்பியர். வெளிப்படும் வெப்பத்திறன் 12 × 240 = 2,880 வாட். தண்ணீர் காய்ச்சும் இரண்டு மூன்று ஹீட்டர்களின் வெப்பம் மெல்லிய கம்பியைச் சுற்றிப் பிறந்தால் தீப்பிடிக்கத்தானே செய்யும்! 10 ஆம்பியர் பியூஸ் இருந்தால் கண நேரத்தில் உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும். பியூஸ் எரிகிறது என்று அதன் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயை வரவேற்பதாகும்.

ஒலிபெருக்கியில் ஒளிந்திருக்கும் பொறி

சில பழைய கார்களில் ஒலிபெருக்கியின் ஒரு முனை கார் உடலுடன் இணைந்திருக்கும். அக்காலப் பெட்டிகளுக்கு அது சரி. இன்றைய பெட்டிகளுக்கு அது ஆபத்து.

காரணம் இதுதான். 12 வோல்ட்டை மட்டும் வைத்து 4 ஓம் ஒலிபெருக்கியை ஒரு பக்கமாக இயக்கினால், மின்னழுத்தம் நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 6 வோல்ட்தான் ஆடும். உச்ச அளவில் திறன் 6² ÷ (2 × 4) = 4.5 வாட். புதிய பெட்டியிலோ ஒலிபெருக்கியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெருக்கி உண்டு. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். ஆட்டம் 12 வோல்ட் ஆகிறது; திறன் 12² ÷ (2 × 4) = 18 வாட். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் திறன் நான்கு மடங்கு!

ஆனால் இப்போது இரு முனைகளிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கிறது. ஒன்றை உடலுடன் சேர்த்தால் அந்தப் பெருக்கி குறுக்குச்சுற்றில் சிக்கும். பாதுகாப்பு அமைப்பு இருந்தால் ஊமையாகும், இல்லையேல் கருகும். பழைய ஒலிபெருக்கிக் கம்பி உடலைத் தொடுவதாகத் தெரிந்தால், புதிதாக இரண்டு கம்பிகள் இழுப்பதே வழி.

கம்பிகளை அறியும் முறை

பழகிய பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியைக் கழற்றிய பின், மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கார் உடலின் வெறும் உலோகத்தில் வையுங்கள்.

1. சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது நிலையான கம்பி.

2. சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டுவது இரண்டாவது கம்பி.

3. விளக்கைப் போட்டால் மட்டும் காட்டுவது ஸ்டீரியோ முகப்பின் வெளிச்சத்திற்கானது.

4. இனிப் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் உடலில் பட்டதும் குறுக்குச்சுற்று ஏற்படும். இப்போது மின்தடையை அளந்தால், உடலோடு ஏறக்குறைய சுழி ஓம் காட்டுவது எர்த் கம்பி. ஒலிபெருக்கிக் கம்பிகள் உடலோடு எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

5. ஒலிபெருக்கிக் கம்பிகளில் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு நொடி தொடுங்கள். 'டொக்' என்ற ஒலி எது எங்கே என்று சொல்லிவிடும். கூம்பு வெளியே நகர்ந்தால் மின்கலத்தின் நேர்முனை தொட்ட கம்பியே நேர்க்கம்பி. ஒரு பக்கம் மாறிவிட்டால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். தவிலின் ஆழ்ந்த முழக்கம் மெலிந்துவிடும்.

மஞ்சள் உறையுள்ள பிளக்குகளை மட்டும் தொட வேண்டாம். அவை பெரும்பாலும் விபத்தில் விரியும் காற்றுப் பைக்கு உரியவை.

வாங்குமுன் கேளுங்கள்

பல தொழிற்சாலை ஸ்டீரியோக்கள், பாட்டரித் தொடர்பு அறுந்ததும் இரகசிய எண் கேட்கும். திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு இது. எண்ணும் ரசீதும் தராத கடையில் வாங்காதிருப்பது நல்லது. புதிய கார்கள் சிலவற்றில் 'விழித்தெழு' என்னும் ஆணை கணினிச் செய்தியாக வருகிறது. அத்தகைய பெட்டி, அந்தச் செய்தி இல்லாத காரில் தானாக எழாது.

நண்பர்களே, ஒரு கேள்வி. பாட்டரி 35 ஆம்பியர்-மணி. ஒருவர் காரை 30 நாட்கள் நிறுத்திவைத்தும் பாதி மின்சாரம் மீதமிருக்க வேண்டும். ஸ்டீரியோ அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் இழுக்கலாம்? கணக்கிட்டு, அடுத்த முறை ஒரு காரின் அருகில் நிற்கும்போது அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள்.