மாற்றத்தக்க கடனுறுதிக் கடிதமும் மாம்பழக் கூழ் ஏற்றுமதியும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் விளையும் தோத்தாபுரி மாம்பழம், ஆலைகளில் கூழாக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுகிறது. பருவம் குறுகியது, பழத்தை அக்காலத்திலேயே வாங்கியாக வேண்டும். ஏற்றுமதிப் பணமோ பின்னரே வரும். ஆதலால், பணம் பற்றிய உறுதி ஆலைக்கும் உழவருக்கும் இன்றியமையாததாகும்.

அவ்வுறுதியை வங்கியின் கடனுறுதிக் கடிதம் அளிக்கிறது. ஆனால், இடையில் ஒரு வணிகர் இருப்பின், கடிதம் அவர் பெயரிலேயே அமையும். அது ஆலைக்கு எவ்வாறு வந்து சேரும்?

மாற்றத்தின் விதிகள்

பன்னாட்டு வர்த்தக சபையின் ஆவணக் கடன் விதிகளின் 600ஆம் வெளியீடு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. கடிதம் இவ்விதிகளுக்கு உட்பட்டதெனக் கூறும்போது தரப்பினரைப் பிணைக்கிறது. இதன் 38ஆம் விதி மாற்றம் பற்றியது.

ஐரோப்பிய இறக்குமதியாளர் ஒருவர், துபாய் வணிகர் பெயரில் 1,00,000 டாலருக்குக் கடிதம் திறப்பதாகவும், வணிகர் சித்தூர் ஆலையிடம் 90,000 டாலருக்குக் கூழ் வாங்குவதாகவும் கொள்க. கடிதத்தில் ‘மாற்றத்தக்கது’ என்னும் சொல் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இருப்பினும், தான் இசைந்த அளவுக்கும் முறைக்கும் மேல் மாற்றித்தர வங்கி கடமைப்பட்டதன்று. தொகை, அலகு விலை, கப்பலேற்றும் கடைசி நாள், முடிவு நாள் ஆகியவற்றைக் குறைக்கலாம். வணிகர் தமது விலைப்பட்டியலை மாற்றி வைத்து, வேறுபாடான 10,000 டாலரைப் பெறலாம். முதல் கோரிக்கையிலேயே அவர் அதனைச் செய்யத் தவறினால், ஆலையின் ஆவணங்களையே வங்கி அனுப்பலாம்.

பகுதி பகுதியாக அனுப்ப இடமிருந்தால், சித்தூர் ஆலைக்கும் திருப்பதி ஆலைக்கும் கடிதத்தைப் பிரித்து மாற்றலாம். ஆனால் ஆலை அதனை வேறொருவருக்கு மீண்டும் மாற்ற இயலாது.

கவனிக்க வேண்டியவை

மாற்றித் தருவதனால் மட்டும் வங்கி பணத்திற்குப் பொறுப்பேற்பதில்லை. அது கடிதத்திற்குத் தன் உறுதியையும் சேர்த்திருக்க வேண்டும்.

மாற்றம் வேறு, வருதொகையின் ஒப்படைப்பு வேறு. 39ஆம் விதிப்படி, மாற்றத்தகாத கடிதத்தின் தொகையையும் சட்டத்திற்கிணங்க ஒப்படைக்கலாம். இந்தியாவில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 130ஆம் பிரிவு இதற்குக் கையொப்பமிட்ட எழுத்தாவணம் வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்படைப்பில், ஆவணங்களை அளிக்கும் உரிமை வணிகரிடமே இருக்கும். அவர் தவறினால், ஆலைக்கு வங்கியிடமிருந்து எதுவும் கிடைக்காது. எனவே, பழம் கொள்முதல் தொடங்குமுன், கையிலிருப்பது மாற்றமா ஒப்படைப்பா என்பதை ஆலை தெளிந்துகொள்ள வேண்டும்.