அப்டேட் பாதியில் நிற்கிறதா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

அடி அண்ணாமலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரியில் படிக்கும் மகளுக்காக செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். விண்டோஸ் 11 சிஸ்டம். அதில் விண்டோஸ் அப்டேட் இயக்கினால், ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடும். சர்வீஸ் கடையில், "விண்டோஸ் போய்விட்டது, பார்மட் செய்ய வேண்டும்" என்று கூறிவிட்டனர்.

"தம்பி, பாப்பாவோட ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கு. போயிடுமா?" என்று என்னிடம் கேட்டார். பைல்கள் அனைத்தும் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் ஆகிய போல்டர்கள் வழக்கமாக சி டிரைவில் தான் இருக்கும். அதனை பார்மட் செய்தால் இவையும் போய்விடும். எனவே முதல் வேலையாக அவற்றை ஒரு பென் டிரைவில் காப்பி செய்தேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்திட வேண்டும்.

அடுத்து, அப்டேட் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். எர்ரர் எண் காட்டி நிற்கிறதா? விண்டோ தானாக மூடிக் கொள்கிறதா? இரண்டிற்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு.

எர்ரர் எண் வந்தால்: செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி எனக் கிளிக் செய்திடவும். தோல்வியடைந்த அப்டேட்டின் எண் அங்கே கிடைக்கும். அதனை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். 0எக்ஸ்80070070 என்றால் டிஸ்க்கில் இடம் இல்லை என்று பொருள். தேவையற்ற பைல்களை நீக்கினால் போதும். அக்காவின் கம்ப்யூட்டரில் வந்தது 0எக்ஸ்80072எப்8எப். இது பெரும்பாலும் தேதி, நேரம் தவறாக இருக்கையில் வருவது. டாஸ்க் பாரைப் பார்த்தேன். 2018 ஜனவரி 1 என்று காட்டியது!

மதர்போர்டில் உள்ள வட்ட வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியவுடன் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அப்டேட் சர்வர் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே செல்லும். 2018ல் இருப்பதாக நினைக்கும் கம்ப்யூட்டர், இன்றைய சான்றிதழை ஏற்காது. சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கி மாற்றி, தேதியைச் சரி செய்தேன். அப்டேட் ஓடத் தொடங்கியது.

ஆனால் டவுண்லோட் மீண்டும் நின்றது. அக்கா வீட்டில் போன் ஹாட்ஸ்பாட் தான் இன்டர்நெட். பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டம் எங்கள் ஊர் வழியே நடக்கையில் சிக்னல் தடுமாறும். இப்படி அரைகுறையாக இறங்கிய பைல்கள் சில வேளைகளில் அடுத்த முயற்சியையும் கெடுத்துவிடும். சர்வீசஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை ஸ்டாப் செய்து, சி டிரைவில் விண்டோஸ், சாப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், டவுண்லோட் என்று போல்டர்களைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை மட்டும் அழித்தேன். சர்வீஸை மீண்டும் ஸ்டார்ட் செய்தவுடன், விண்டோஸ் புதிதாக டவுண்லோட் செய்து முடித்தது.

விண்டோ தானாக மூடினால்: ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என டைப் செய்திடவும். ரிலையபிலிட்டி ஹிஸ்டரி பட்டியலில், எந்த நாளில் எந்த புரோகிராம் விழுந்தது என்பது சிவப்பு அடையாளத்துடன் தெரியும். விவரத்தைத் திறந்தால், பழுதான மாட்யூலின் பெயரும் இருக்கும். அது விண்டோஸின் பைல் என்றால், கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து சிஸ்டம் பைல் செக்கரை இயக்கினால், கெட்டுப் போன பைல்களை அது மாற்றித் தர முயலும். பிற நிறுவனத்தின் பைல் என்றால், அந்த புரோகிராமை அப்டேட் செய்யலாம் அல்லது நீக்கிப் பார்க்கலாம்.

காரணம் தெரிந்தால் தீர்வு சிறியது என்பதற்கு ஒரு பெரிய சான்றும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால், மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தனர். அதற்கும் பார்மட் தேவைப்படவில்லை. சேப் மோடில் நுழைந்து, குறிப்பிட்ட ஒரு பைலை அழித்தால் போதுமானதாக இருந்தது.

அக்காவிற்கு ஆன செலவு ஒரு சிறிய பேட்டரி மட்டுமே. மகளின் ப்ராஜெக்ட் அதே டெஸ்க்டாப்பில் பத்திரமாக உள்ளது. இப்போது பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கிறது. அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டரில் அப்டேட் நின்றால், கடைக்குத் தூக்கிச் செல்லும் முன், அது காட்டும் எண்ணையும் தேதியையும் ஒரு முறை பாருங்களேன்.