கிறீன் காட் லொத்தர்: பயப்பட வேண்டிய பிழைகளும் வேண்டாத பிழைகளும்

பல வருடமாக ஒக்டோபர் மாதம் வந்தால் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் கேள்வி இது. "அண்ணை, அப்பாவின்ர பேரில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. இன்னொருக்காப் போடட்டோ?" சிலருக்கு எழுத்து, சிலருக்கு ஊர். ஆஸ்பத்திரி மந்திகையில் இருக்கிறது, நான் பருத்தித்துறை என்று போட்டுவிட்டேன், ரிஜெக்ட் ஆகுமா என்று ஒருவர் கேட்பார். தபால் இலக்கத்தை விட்டுவிட்டேன் என்று இன்னொருவர். இப்படி நித்திரை இல்லாமல் தவிப்பவரிடம் "கலியாண எழுத்து முடிஞ்சுதோ? மனைவியின்ர பெயர் போட்டனீரோ?" என்று திருப்பிக் கேட்டால், "எழுத்து மட்டும்தான் முடிஞ்சது அண்ணை, தாலி கட்டேல்லை, அதால சிங்கிள் எண்டு போட்டன்" என்று நிம்மதியாகப் பதில் சொல்வார். ஊர்ப் பெயரால் அவருக்கு ஒன்றும் ஆகாது. "சிங்கிள்" என்ற அந்த ஒரு தெரிவு போதும், எல்லாம் போய்விடும்.

கிறீன் காட் லொத்தர் என்று நாம் சொல்வது அமெரிக்காவின் டைவேர்சிற்றி வீசா, சுருக்கமாக டீவி. 1990இல் வந்த சட்டம். 1995 நிதியாண்டிலிருந்து நடைமுறை. வருடத்துக்கு ஆகக்கூடியது 55,000 வீசா, பிற்காலச் சட்டங்கள் அதிலும் கொஞ்சம் வெட்டிவிட்டன. முந்திய ஐந்து வருடங்களில் குடும்ப, வேலை வீசாக்களில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளுக்கு இதில் இடமில்லை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லாம் அப்படித்தான் வெளியே நிற்கின்றன. இலங்கையும் நேபாளமும் உள்ளே இருந்துவந்தன.

சின்னப் பிழைக்குப் பயப்படும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2003 வரைக்கும் இது தபாலில் போன விண்ணப்பம். கடித உறையின் நீளம் 6 முதல் 10 அங்குலத்துக்குள், அகலம் மூன்றரை முதல் நாலரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். போட்டோவை ஸ்டேப்லர் அடிக்கக் கூடாது, கிளிப் போடக் கூடாது, ஒளி ஊடுருவும் டேப்பால் ஒட்ட வேண்டும். உறை அளவு பிழைத்தாலே கடிதம் குப்பைக்குப் போன காலம் அது. அன்று போட்டவர்கள் இன்று மாமாவாகவும் பெரியப்பாவாகவும் இருந்து பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தையே புத்திமதியாகச் சொல்கிறார்கள். அந்த உறையும் டேப்பும் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது.

நம்பிக்கை: ஓர் எழுத்துப் பிழைத்தால் விண்ணப்பம் போச்சு, திருத்தி இன்னொன்று போடுவதே பாதுகாப்பு.

இதன் முதற்பாதி வெறும் பயம், பின்பாதி ஆபத்து. பெயரில் ஓர் எழுத்து விட்டதற்காகவோ பிறந்த நகரம் என்ற இடத்தில் மாவட்டத்தை எழுதியதற்காகவோ தள்ளுபடி செய் என்று எந்த விதியும் சொல்லவில்லை. லொத்தர் படிவம் பெயரைக் குலுக்கலில் சேர்ப்பதற்கு மட்டும்தான். தெரிவானால் டீஎஸ்-260 என்ற நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். சரியான விபரம் எல்லாம் அதில் போகும். அதிலும் பிழை விட்டால் அந்தப் படிவங்களைக் கையாளும் கென்டக்கி கொன்சியூலர் நிலையத்துக்கு எழுதிப் படிவத்தைத் திரும்பத் திறப்பித்துத் திருத்தலாம். பிறகு கொழும்பில் தூதரக அதிகாரி கடவுச்சீட்டையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். முன்னால் நிற்பவரும் விண்ணப்பித்தவரும் ஒரே ஆள்தானா, ஏதாவது தில்லுமுல்லு நடந்திருக்கிறதா என்பதே அவருடைய கவலை. மாதத்தை முதலில் கேட்கும் அமெரிக்க முறையில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டால் சொல்லி விளக்கலாம். ஆளையே மாற்றிக் காட்டும் அளவுக்கு விபரம் விலகினால் விளக்கம் எடுபடாது.

ஆனால் ஒருவர் ஒரு பதிவுக் காலத்தில் ஒரு விண்ணப்பம்தான் போடலாம். இரண்டாவது போட்டால் முதலாவதும் சேர்ந்து தகுதி இழக்கும். கணினி முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அப்பாவின் பெயரை "சிவராசா" என்று ஒன்றிலும் "சிவராஜா" என்று மற்றதிலும் எழுதி ஏமாற்ற முடியாது. அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து திருத்தும் வசதியும் இல்லை. பிழை கண்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். விடுவதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம்.

நம் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை, அப்பாவின் பெயரை எங்கே போடுவது என்பது தீராத குழப்பம். கடவுச்சீட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில் போடுங்கள். ஒரே பெயர்தான் உண்டு என்றால் குடும்பப் பெயர் இல்லை என்று குறிக்கவும் படிவத்தில் கட்டம் இருக்கிறது.

நம்பிக்கை: தாலி கட்டும்வரை நான் திருமணமாகாதவர்.

கோயிலும் சொந்தபந்தமும் அப்படித்தான் பார்க்கும். சட்டம் பதிவைப் பார்க்கும். மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முதலில் முடித்து, கலியாணத்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வைப்பது நம்மிடம் சாதாரணம். அந்த இடைவெளியில் லொத்தர் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். விண்ணப்பம் அனுப்பிய நாளில் பதிவு முடிந்திருந்தால் அவர் மணமானவர். துணையின் பெயரும் போட்டோவும் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் நேர்முகத்தில் பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியே காட்டிக்கொடுக்கும், முழுக் குடும்பத்துக்கும் வீசா மறுக்கப்படும். தலைக்கு 330 டொலர் கட்டிய கட்டணமும் திரும்பாது.

சண்டை பிடித்துக்கொண்டு வேறு வேறு வீட்டில் இருப்பவர்களும் மணமானவர்களே. விவாகரத்து, நீதிமன்றம் மூலமான சட்டப்படியான பிரிவு, துணையின் மரணம் ஆகியவைதான் விலக்கு. துணைவர் ஏற்கெனவே அமெரிக்கப் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருந்தால் அதைச் சொல்லும் தெரிவு படிவத்தில் தனியே உண்டு. கணவர் காணாமல் ஆக்கப்பட்டு இறப்புச் சான்றும் இல்லாமல் இருக்கும் பெண்கள், இதை வட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவுசெய்யாமல் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது நல்லது.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. விண்ணப்பித்த பிறகு கலியாணம் நடந்தால், பிள்ளை பிறந்தால், பயமில்லை. டீஎஸ்-260இல் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் லொத்தர் விழுந்த பிறகு அவசரமாக முளைக்கும் கலியாணங்களை அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை.

நம்பிக்கை: கூட வராத பிள்ளையைக் காட்டத் தேவையில்லை.

மூத்த மகன் படிப்பை விட்டு வர மாட்டான், முதல் தாரத்துப் பிள்ளை தாயோடு இருக்கிறது என்றெல்லாம் சொல்லி விட்டுவிடுகிறார்கள். 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத எல்லாப் பிள்ளைகளையும் காட்ட வேண்டும். துணையின் முன்னைய பிள்ளையும், சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையும் இதில் அடக்கம். அமெரிக்கப் பிரஜையான அல்லது கிறீன் காட் உள்ள பிள்ளையை விட்டால் மட்டும் குற்றமில்லை. பெயரைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போகாமல் விடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பெயரையே போடாமல் விட்டால் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் மன்னிப்பதில்லை.

நம்பிக்கை: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் போட முடியாது, இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் போடலாம்.

இங்கே கணக்கில் வருவது பிறந்த நாடு. 1964இல் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் மலையகத்திலிருந்து குழந்தையாகக் கப்பல் ஏறி, இன்று கோத்தகிரியில் இந்தியப் பிரஜையாக வாழும் ஒருவர் இலங்கையில் பிறந்தவர் என்ற கணக்கில் விண்ணப்பிக்கலாம். நீலகிரியில் பிறந்த அவருடைய மகளுக்கு அந்த வழி இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் கனடியப் பிரஜையாக இருப்பவரும் இலங்கைக் கணக்கில் வருவார். மதுரையில் பிறந்த பெண் வவுனியாவில் பிறந்தவரை மணந்திருந்தால், கணவர் பிறந்த நாட்டின்பேரில் அவளும் விண்ணப்பிக்கலாம். இருவர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் வீசா கிடைத்து ஒன்றாகவே நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. தகுதி நாட்டைப் பிழையாகத் தெரிவுசெய்வது சின்னப் பிழைகளின் பட்டியலில் சேராது, கவனம்.

நம்பிக்கை: முதல் நாளே போட்டால் அதிர்ஷ்டம் கூட.

இதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். டீவி-2012க்கான தெரிவு 2011 மே மாதம் வெளியானது. ஏறத்தாழ 22,000 பேர் தாங்கள் தெரிவானதைப் பார்த்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, தெரிவானவர்களில் 90 வீதமானோர் பதிவு திறந்த முதல் இரண்டு நாளில், அதாவது 2010 ஒக்டோபர் 5ஆம், 6ஆம் திகதிகளில், விண்ணப்பித்தவர்கள் என்று. கணினி நிரலில் கோளாறு. முந்திப் போட்டவர்களுக்கு வாய்ப்புக் கூடியது சட்டத்துக்கு முரண் என்று இராஜாங்கத் திணைக்களம் முழு முடிவையும் ரத்துச் செய்து, யூலையில் புதிதாகக் குலுக்கியது. விழுந்த லொத்தர் கையைவிட்டுப் போனவர்கள் நீதிமன்றம் போயும் பலன் கிடைக்கவில்லை. முந்திப் போடுவதில் உள்ள ஒரே நன்மை, கடைசி நாட்களில் இணையத்தளம் ஆமை வேகத்தில் நகரும்போது நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

போட்டோ விடயம் சுருக்கமானது. பொட்டு, திருநீறு வைக்கக் கூடாது என்று விதி இல்லை. முகம் முழுதும் தெரிய வேண்டும், கண்ணாடி கூடாது, வெளிர்நிறப் பின்னணி வேண்டும். பலர் தவறுவது வேறோர் இடத்தில்: போன வருடப் போட்டோவையே திரும்பப் போடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய போட்டோ என்று கண்டுபிடித்தால் அதுவே தகுதி நீக்கத்துக்குப் போதும்.

நம்பிக்கை: விபரம் தெரிந்த ஏஜென்ட் போட்டால் பிழையே வராது.

கவலைப்படுகிறவர்களின் பணம் போய்ச் சேரும் இடம் இது. கொமியூனிகேஷன் கடையில் ஒரே நாளில் நூறு விண்ணப்பம் தட்டும் பையனுக்கு உங்கள் குடும்பத்தில் எத்தனை பிள்ளை என்பது பெரிய விடயமல்ல. அவன் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டு, உறுதிப்படுத்தல் இலக்கத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். மே மாதத்தில் முடிவைப் பார்க்க அந்த இலக்கம்தான் திறப்பு. உங்களுக்கு விழுந்தது அவனுக்குத்தான் முதலில் தெரியும். பிறகு இலக்கத்துக்கு விலை பேசுவான். இன்னும் துணிந்தவன் என்றால் உங்கள் படிவத்தில் முன்கூட்டியே ஒரு மனைவியைச் சேர்த்து, அந்தப் பெண்ணின் வீட்டிலும் பணம் வாங்கியிருப்பான். அந்தப் பொய்க்கு நேர்முகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தெரிந்தே பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் அமெரிக்க வீசா வாழ்நாள் முழுக்க மறுக்கப்படலாம்.

படிவத்தை நிரப்ப ஆங்கிலம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும். யாராவது தட்டித் தந்தாலும் பக்கத்திலேயே இருங்கள். கடைசித் திரையில் வரும் இலக்கத்தை உங்கள் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்" என்று திணைக்களம் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவதில்லை. அப்படி வந்து, பணமும் கேட்டால் மோசடி. அரசின் தளம் ஜி-ஓ-வி என்ற மூன்று எழுத்தில்தான் முடியும்.

தெரிவானாலே வீசா என்று நினைத்து வீட்டை விற்பவர்களும் இருக்கிறார்கள். டீவி-2025க்கு ஏறத்தாழ 1 கோடி 99 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. குடும்பத்தவரையும் சேர்த்து 1,31,000 பேரளவில் தெரிவானார்கள். இருக்கும் வீசாவைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். தெரிவாகும்போது தரும் வழக்கு இலக்கம் பின்னுக்கு விழுந்தவருக்கு முறை வராமலே போகலாம். அந்த நிதியாண்டின் செப்டெம்பர் 30 நள்ளிரவோடு கதை முடிந்துவிடும், ஒரு நாள்கூட நீடிக்காது.

விதிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. விண்ணப்பத்துக்கே கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும் என்று 2019இல் சொன்னார்கள், 2022இல் நீதிமன்றம் அதை நீக்கியது, 2025இல் மறுபடியும் கேட்க யோசனை வைத்தார்கள். போன வருடம் அண்ணனுக்கு நடந்ததை வைத்து இந்த வருடம் நீங்கள் போட முடியாது. அந்தந்த வருட அறிவுறுத்தலைத்தான் வாசிக்க வேண்டும். 2025 செப்டெம்பரில் விண்ணப்பத்துக்கு ஒரு டொலர் கட்டணம் அறிவித்தார்கள். அந்த ஒக்டோபரில் பதிவு வழக்கம்போல் திறக்கவில்லை. டிசம்பரில் திட்டத்தை நிறுத்திவைப்பதாக அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் அறிவித்தார். ஆகவே "இந்த வருட லொத்தர் திறந்தாச்சு, கடவுச்சீட்டையும் ஐயாயிரம் ரூபாயையும் கொண்டு வாங்கோ" என்று யாராவது சொன்னால், காசைத் தொடுமுன் இராஜாங்கத் திணைக்களத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள்.