நம் வண்டி நம் கையில்

டப்... டப்... டப்...

தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். அது புல்லட்!

1955-இல் மதராசில் புல்லட் கம்பெனி தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரில் பாகங்களையும் செய்யத் தொடங்கினார்கள். ராணுவத்திலும் போலீசிலும் இந்த வண்டி ஓடியது. பழைய 350 சி.சி. புல்லட்டுகள் இன்றும் பல ஊர்களில் ஓடுகின்றன. பால் கேன் சுமக்கின்றன. காய்கறி மூட்டை சுமக்கின்றன.

விடியற்காலையில் வண்டி நடுவழியில் நின்றால் என்ன ஆகும்? பால் கெட்டுப் போகும். அன்றைய வருமானம் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிரே போகும்.

ஒரு பால்காரர் வீட்டில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

"என்னங்க, கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?"

"பொங்கலுக்கு முன்னாலயா, பின்னாலயா? ஞாபகம் இல்லையே."

"மாட்டுக்கு ஊசி போட்ட தேதி எழுதி வச்சிருக்கோம். வண்டிக்கும் எழுதணும். நீங்க கிலோமீட்டரைச் சொல்லுங்க, நான் எழுதறேன்."

அன்றே ஒரு நோட்டு போட்டார்கள். நாமும் போடுவோம். எதைப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தீப்பிடிக்கும்.

1. ஆயில்

பழைய புல்லட்டில் ஆயில் மூன்று இடங்களில் இருக்கும். எஞ்சினில் ஒன்று. கிளட்ச் பெட்டியில் ஒன்று. கியர் பெட்டியில் ஒன்று. மூன்றும் தனித்தனி. ஒன்றில் ஊற்றினால் மற்றொன்றுக்குப் போகாது. எந்த ஆயில், எவ்வளவு என்பதை வண்டியின் கையேட்டில் படியுங்கள்.

எஞ்சின் ஆயில் மூடியில் ஒரு அளவுக்குச்சி இருக்கும். பல நாள் நின்ற வண்டியில் உடனே அளக்காதீர்கள். ஆயில் மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கியிருக்கும். குச்சியில் குறைவாகத் தெரியும். குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றினால் ஆயில் அதிகமாகிவிடும். வெளியே பொங்கும், புகை வரும். எனவே எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்து அளவு பாருங்கள்.

மாற்றிய பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் கெடும். கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

2. ப்ளக்

ப்ளக் எஞ்சினின் நாக்கு போன்றது. அதன் நிறம் உள்ளே நடப்பதைச் சொல்லும்.

வெளிர் பழுப்பு: நலம்.
உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டரில் அடைப்பு.
எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பு: ஆயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
வெள்ளை: சூடு அதிகம். காட்டாமல் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

எஞ்சின் ஆறிய பிறகே ப்ளக்கைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதலில் கையால் சுற்றுங்கள். பிறகே ஸ்பானர் போடுங்கள். மரை கெட்டால் செலவு பெரிது.

3. பாயிண்ட்

கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறதா? பாயிண்ட்டைப் பாருங்கள். எஞ்சினின் வலது பக்கம் ஒரு சிறு மூடிக்குள் இருக்கும். அழுக்கு இருந்தால் சுத்தமான துணியால் துடையுங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாது. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். தகட்டின் மேல் எண் எழுதியிருக்கும்.

4. செயின்

எஞ்சின் ஓடும்போது செயினைத் தொடவே கூடாது. துணி சிக்கினால் விரலும் கூடப் போகும். கியரை நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆடலாம். அதிகம் ஆடினால் இறுக்க வேண்டும். சக்கர அச்சின் இரு முனையிலும் நத்தை ஓடு போன்ற தட்டு உண்டு. அதில் பற்கள் இருக்கும். இரண்டு பக்கமும் பற்களை எண்ணிச் சமமாக வையுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகும்.

5. பிரேக்

செயினை இறுக்கினால் பின் பிரேக்கும் மாறிவிடும். அதையும் சரிசெய்துவிட்டே ஓட்டுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். அதன் தூளை வாயால் ஊதாதீர்கள். நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வரும் வண்டிகளில் இது நேர்மாறு. பிறர் ஓட்டக் கேட்டால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

எஞ்சினைப் பிரிப்பது, பிரேக் ஷூ மாற்றுவது, புதிதாக வரும் கடகடச் சத்தம். இவற்றை நாமே செய்து பார்க்க வேண்டாம். ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வி கேளுங்கள். ரசீதை வாங்கிப் படியுங்கள்.

நம் வண்டி நோட்டு

ஜூன் 3 – 41,250 கி.மீ. – எஞ்சின் ஆயில் மாற்றியது.
ஜூன் 17 – 41,780 கி.மீ. – செயின் இறுக்கியது, பின் பிரேக் சரிசெய்தது.
ஜூலை 1 – 42,310 கி.மீ. – ப்ளக் துடைத்தது. நிறம் பழுப்பு.

நம் நினைவு தவறலாம். நோட்டு தவறாது. வண்டியை விற்கும்போதும் இந்த நோட்டைக் காட்டலாம். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

பதில் சொல்லுங்கள்

1. பழைய புல்லட்டில் ஆயில் எந்த மூன்று இடங்களில் இருக்கும்?
2. பல நாள் நின்ற வண்டியில் உடனே ஆயில் அளவு பார்க்கக் கூடாது. ஏன்?
3. செயினை இறுக்கியதும் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

மேலே உள்ள நோட்டைப் பாருங்கள். 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார்கள். அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?

எழுதுங்கள்

உங்கள் வீட்டில் உள்ள சைக்கிள், மோட்டார் அல்லது தையல் மெஷினுக்கு ஒரு நோட்டு போடுங்கள். இன்றைய தேதியை எழுதித் தொடங்குங்கள்.