செயற்கைக்கோள் வழிப் பயிற்சியில் வழிநடத்துநரின் பங்கு
1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை மகளிருக்கு ஒதுக்கியது. முதன்முறையாகப் பொறுப்பேற்ற பல்லாயிரம் உறுப்பினர்களுக்கு ஒரே காலத்தில் பயிற்சியளிக்க, மைசூரிலுள்ள அப்துல் நசீர் சாப் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் செயற்கைக்கோளைத் துணைக்கொண்டது. மைசூரிலிருந்து வட்ட மையங்களுக்குப் படமும் ஒலியும் சென்றன. அங்கிருந்து திரும்பியது ஒலி மட்டுமே. எனவே, பேசாது அமர்ந்திருப்பவரை வல்லுநர் அறிய இயலாது.

இக்குறையை நிறைவு செய்பவர் மையத்தில் உடனிருக்கும் வழிநடத்துநர். ஒளிபரப்பின் இடைவேளைகளில் உறுப்பினர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து விவாதிக்கச் செய்வதும், தயங்குபவரின் ஐயத்தை அவர் வாயாலேயே வினவச் செய்வதும் இவருடைய கடமைகளாகும். இவரே விடை கூறி முடித்துவிடின் உறுப்பினர் மீண்டும் கேட்போராகவே நின்றுவிடுவர். ஆகவே, கருவிகளுக்கு நிதி ஒதுக்குங்கால், வழிநடத்துநர்களின் பயிற்சிக்கும் ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.