பச்சைத் தண்ணீரும் புற ஊதா விளக்கும்

மீன் தொட்டியிலும் குட்டையிலும் கோடையில் தண்ணீர் பச்சையாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். நீரில் மிதக்கும் நுண்பாசிகளே இதற்குக் காரணம். மீன்களின் கழிவு, மீந்த தீவனம், சாணம் ஆகியவை இவற்றிற்கு உரமாகின்றன. வெயிலும் சேர்ந்தால் சில நாட்களில் பெருகிவிடும்.

விளக்கு வேலை செய்யும் விதம்

தோட்டத்துக் குளத்திற்கும் வண்ணமீன் தொட்டிக்கும் புற ஊதா விளக்கு ஏற்றது. மூடிய குழாயினுள் விளக்கு எரியும். பம்பு தண்ணீரை அதனைச் சுற்றிச் செலுத்தும். ஒளி பட்ட பாசி மடிந்து திரளும். அதனை வடிகட்டி பிடித்து வைக்கும். வடிகட்டியை அடிக்கடி கழுவாவிட்டால் மடிந்த பாசி அழுகிப் புதுப் பாசிக்கு உரமாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. சுவரிலும் கல்லிலும் ஒட்டி வளரும் நூல் பாசியை இவ்விளக்கு அழிக்காது. கையால் அகற்றவும்.
2. விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையில் படியும் அழுக்கைத் துடைக்கவும்.
3. தொடர்ந்து எரியும் விளக்கின் திறன் ஏறத்தாழ ஓராண்டில் குறைந்துவிடும். வெளிச்சம் தெரிந்தாலும் மாற்றவும்.
4. எரியும் விளக்கை நேரே பார்த்தால் கண் கெடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே திறக்கவும்.

மீன் குட்டைக்கு வேண்டாம்

10 சென்ட் குட்டையில் 1 மீட்டர் ஆழத்திற்குச் சுமார் 4 இலட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். இதனை விளக்கின் வழியே செலுத்துவது கட்டுப்படியாகாது. மேலும், நுண்பாசியே வெள்ளிக் கெண்டைக்கு உணவு. ஆகவே பச்சையை அழிக்காமல் அளவோடு வைத்திருங்கள்.

20 செ.மீ. அகலமுள்ள வட்டத் தகட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் நண்பகலில் இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் தகடு மறைந்தால் பாசி போதுமான அளவில் உள்ளது. 20 செ.மீ.க்குள் மறைந்தால் ஆபத்து. (மண் கலங்கிய நீருக்கு இக்கணக்குப் பொருந்தாது.)

இரவில் பாசியும் உயிர்வாயுவை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். புது நீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்சுங்கள். மருந்திட்டுப் பாசியை ஒரே நாளில் கொல்ல வேண்டாம். அது அழுகும்போது மீதமுள்ள உயிர்வாயுவும் தீர்ந்து மீன்கள் மடியும்.

வாரம் ஒருமுறை அளந்து, அதற்கேற்பச் சாணமிட்டு வந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.