மின்சாரம் போனாலும் கணக்கு போகக் கூடாது!

சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று நமது கடைகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அதற்குள்தான். சிட்டையில் எழுதியது மின்சாரம் நின்றால் அழியாது. கம்ப்யூட்டர் அப்படியல்ல. நாம் பதியும் விவரம் முதலில் தற்காலிக நினைவகத்தில் நின்று, பிறகே டிஸ்கில் ஏறுகிறது. ஏறும் நேரத்தில் மின்சாரம் நின்றால், அந்த ஒரு பில் மட்டுமல்ல, கணக்குக் கோப்பே திறக்காமல் போகலாம்.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-ன் 36-வது பிரிவின்படி, ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்ற பதில் அதிகாரியிடமும் செல்லாது, பாக்கிக்காரரிடமும் செல்லாது.

இதற்கான சாதனமே யு.பி.எஸ். ஆனால் பலர் இதை இன்வெர்ட்டர் போல எண்ணி, பேட்டரி தீரும் வரை பில் போடுகிறார்கள். இது தவறு. வேலையை முறைப்படி முடித்துக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கான அவகாசத்தையே யு.பி.எஸ். தருகிறது.

அந்த அவகாசம் எவ்வளவு? 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் வரை தாங்கும். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும்; பெருக்கினால் 84 வாட்-மணி. இழப்பு போகப் பாதி எனக் கொண்டால், 120 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர், மானிட்டருக்குச் சுமார் 20 நிமிடம் வரும். பேட்டரி பழையதானால் இது வெகுவாகக் குறையும்.

கல்லாவில் ஆள் இருந்தால் யு.பி.எஸ். ஒலி கேட்டு அணைத்துவிடுவார். அவர் குடோனுக்குப் போயிருந்தால்? கம்ப்யூட்டர் தானே அணைய வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியவை:

1. யு.எஸ்.பி. இணைப்பும் தானாக அணைக்கும் வசதியும் உள்ள யு.பி.எஸ்.ஸாகக் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாதது ஒலி மட்டுமே எழுப்பும்.

2. கேபிளைக் கம்ப்யூட்டரில் இணையுங்கள். விண்டோஸ் அதைப் பேட்டரியாகக் கண்டுகொண்டால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, 'கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன்' என்ற இடத்தில் 'ஹைபர்னேட்' அல்லது 'ஷட் டவுன்' வையுங்கள். ஹைபர்னேட் என்பது திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைப்பது. பேட்டரி 30 சதவீதம் இருக்கும்போதே அணையும்படி அளவை வையுங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாவிட்டால், யு.பி.எஸ். தயாரிப்பாளர் தரும் சாப்ட்வேரைப் போட வேண்டும்.

3. லேசர் பிரிண்டர், பிரிட்ஜ் ஆகியவற்றை யு.பி.எஸ்.ஸில் இணைக்காதீர்கள்.

4. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, கடை மூடியபின் கணக்கை நகல் எடுத்துக்கொண்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் தானே அணைகிறது எனத் தேதியுடன் குறித்து வையுங்கள். நேரம் பாதியாகிவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

5. வெப்பம் பேட்டரியின் எதிரி. மூட்டைகளுக்கிடையே வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நமது வெயிலில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரலாம்.

டிஸ்க் பழுதானால் யு.பி.எஸ். உதவாது. ஆகவே தினமும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டிற்குக் கொண்டு செல்லுங்கள். வரும் விடுமுறை நாளிலேயே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.